வால் நறுக்காத திருக்கை

அத்தியாயம் பதினான்கு

கூரையில் செருகிய இடத்திலேயே கத்தி இருந்தது.

அங்கம்மா முதலில் பார்த்தபோது அடுப்பில் கஞ்சி பொங்கிக்கொண்டிருந்தது. புத்தி அங்கே போகவில்லை. பானையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்த பிறகுதான் மறுபடியும் கூரையைப் பார்த்தாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. கொழுந்தன் தாமோதரன் விடியற்காலையே தூண்டில் வேலைக்குப் போய்விட்டான். மீன் வேலைக்குப் போகிறவன் கத்தியை வீட்டில் விட்டுப் போவானா? மறந்து போகிற ஆள் இல்லை அவன். ஏழு மாதமாக ஒன்றையும் மறக்காதவன்.

ஏழு மாதத்துக்கு முன்பு, துறைமுகத்தில் கிரேன் தூக்கிய பஞ்சுப் பொதிகள் கயிறு அறுந்து எத்திராஜின் மேல் விழுந்தன. அங்கம்மாவின் புருஷன் அந்த இடத்திலேயே போய்விட்டான். கயிறு நைந்திருக்கிறது என்று காலையிலேயே ஆட்கள் சொன்னார்கள். "ஓட்டுங்கடா, கப்பல் காத்திருக்கு" என்றார் கம்பெனி சூப்பிரண்டு மனோகரன். ஆனால் விசாரணையில் கயிற்றைப் பற்றிப் பேச்சே வரவில்லை. கூலி எத்திராஜ் குடித்திருந்தான், ஒதுங்கத் தெரியாமல் செத்தான் என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

மதுவிலக்கு இருக்கிற ஊரில், குடித்துச் செத்தவன் வீட்டைச் சும்மா விடுவார்களா? காரியம் முடிவதற்குள் போலீஸ் வந்து, கடப்பாரையால் அங்கம்மாவின் சமையல் மூலையைத் தோண்டியது. சாராயப் பானை ஒன்றும் அகப்படவில்லை. தோண்டின குழியை அவர்கள் மூடவும் இல்லை. அவளே மண்ணைத் தள்ளி, மிதித்து, சாணி மெழுகினாள். கள் விற்ற காலத்திலேயே அந்தக் கடைப் பக்கம் திரும்பாதவன் எத்திராஜ். இப்போது குழாயடிக்குப் போனால், "சாராயக்காரன் பொண்டாட்டி வருது, வழி வுடு" என்கிறார்கள்.

எண்ணூர் உப்பளத்தில் மூட்டை சுமந்த தாமோதரன், அண்ணன் செத்ததும் காசிமேட்டுக்கு வந்தான். மனோகரனுக்கு அவனைத் தெரியாது. ஞாயிறுதோறும் துறைமுகத்தில் தூண்டில் போடும் மனோகரனுக்கு இரை கோக்க ஒரு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, மீசையை எடுத்துவிட்டு, சின்னப்பையன் என்று பேர் சொல்லிச் சேர்ந்துகொண்டான். நாலு ஞாயிறு போய்விட்டது. இது ஐந்தாவது.

"இன்னா செய்யப் போற?" என்று முந்தாநாள்கூட அங்கம்மா கேட்டாள்.

"அண்ணன் கத்துச்சாமே, அந்தச் சத்தம் அவன் வாயிலேர்ந்து எனக்குக் கேக்கணும் அண்ணி."

"கத்திட்டா ஆச்சா? அவன் பொய் சொன்ன வாயி நெசத்தைச் சொல்லணும். நாலு பேரு கேக்கச் சொல்லணும். அதாண்டா எனக்கு வேணும்."

"அவன் சொல்வானா? நீ ஒரு வெவரம் தெரியாத ஆளு."

அவ்வளவுதான் பேச்சு. கத்தி இல்லாமல் போனவன் என்ன செய்யப் போகிறான் என்று இப்போது அவளுக்கு விளங்கிவிட்டது. மீனவர் வீட்டில் பிறந்தவளுக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கத்தியை உருவிச் சோற்றுத் தூக்கின் அடியில் துணியோடு சுற்றினாள். தூக்கை எடுத்துக்கொண்டு நடந்தாள். துறைமுக கேட்டில் காவல்காரன் தடுத்தான்.

"யாருக்கு சோறு?"

"தூண்டில் வேலை செய்ற சின்னப்பையனுக்கு."

"நீ இன்னா உறவு?"

"பசிக்கிற வயித்துக்கு இன்னா உறவு? வழி வுடுய்யா, ஆறிடும்."

---

துறைமுகத்தின் வடக்கில், கடலுக்குள் நீண்டு கிடக்கும் கல் சுவரில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் மனோகரன். தலையில் தொப்பி. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஊருக்குக் கிளம்பியபோது தூண்டிலோடு சேர்த்து வாங்கினது. தூண்டில் நான்கு துண்டாகக் கழலும். அடியில் பித்தளைச் சக்கரம் இருக்கும். தொப்பி மட்டும் வெள்ளைக்காரன் தலை அளவு. இவருக்குக் காதுவரை இறங்கும்.

பிடித்த மீனை விற்கவும் மாட்டார், தின்னவும் மாட்டார். அவர் வீட்டில் கவுச்சி சேராது. மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார், அதோடு சரி. படம் எடுக்கிற வேலை லூயிஸுடையது. லூயிஸ் ராயபுரத்துக்காரர். கம்பெனியில் மூட்டை எண்ணிக் குறிக்கிற குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்ததும் பெட்டிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு சூப்பிரண்டு பின்னால் வந்து நிற்க வேண்டும்.

"என்னடா சின்னப்பையா, ஒண்ணும் கடிக்கல?"

"கடிக்கும் தொரை. தண்ணி ஏறிக்கினு கீது. சேத்துல படுத்துக்கினு கீற மீனு இப்பத்தான் ஓரத்துக்கு வரும்."

"போன வாரம் சொன்னது ஞாபகம் இருக்கா?"

"கீது தொரை. வாலை நறுக்கக் கூடாது."

"கிளப்புச் சுவத்துல வெள்ளைக்காரன் படம் ஒண்ணு தொங்குது. திருக்கையைப் பிடிச்சுகிட்டு நிக்கறான். வால் சாட்டை மாதிரி நீளமா இருக்கு. நீ கொடுத்தது எல்லாம் மொட்டை. அந்த ஆணியில என் படத்தை மாட்டணும்னா முழு மீன் வேணும், தெரியுதா?"

"தொரை சொன்னா சரி."

திருக்கை வலையில் வந்தாலும் சரி, தூண்டிலில் வந்தாலும் சரி, மீனவன் செய்கிற முதல் வேலை அதன் வாலை நறுக்குவது. துடுப்பால் அமுக்கிப் பிடித்து, அடியோடு வெட்டி, கடலில் எறிந்துவிட்டுத்தான் மீனைக் கையில் எடுப்பான். வாலின் மேல் பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு முள் படிந்து கிடக்கும். ரம்பம் போலப் பல் உண்டு, விஷமும் உண்டு. உள்ளே போனால் சதையைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். பேச்சு வருவதற்கு முன்பே குப்பத்துப் பிள்ளைகளுக்கு இது தெரியும்.

நாலு ஞாயிறும் தாமோதரன் அப்படித்தான் நறுக்கினான். குப்பத்தில் வளர்ந்தவனின் பழக்க தோஷம். கை தானாகச் செய்துவிட்டது. இரவு படுத்துக்கொண்டு தன் கையையே திட்டிக்கொண்டான். போன வாரம் மனோகரனே வாயைத் திறந்து 'நறுக்காதே' என்று சொன்னபோது, அண்ணனே வந்து சொல்லச் சொன்ன மாதிரி இருந்தது. 'வால்ல முள்ளு கீது தொரை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தையை விழுங்கிவிட்டான்.

லூயிஸ் மட்டும் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "ஏம்பா, வாலோட தூக்கினா ஒண்ணும் ஆவாதே?"

"ஒண்ணும் ஆவாது சார்."

அண்ணன் குடித்திருந்தான் என்று சொன்னவனும் இப்படித்தான் முகம் மாறாமல் சொல்லியிருப்பான் என்று தோன்றியது. தோன்றினால் தோன்றட்டும். தாமோதரன் இறாலை எடுத்துக் கொக்கியில் கோத்தான்.

சுவரின் முனையில் மதார் சாகிப் கரி அடுப்பு வைத்து டீ போட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தூண்டில்காரர்களை நம்பித்தான் அவர் கடை. "சூப்பிரண்டு சாப், ஒரு டீ?" என்று கேட்டார். மனோகரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் தூண்டில் வளைந்தது.

வளைந்தது என்றால் சாதாரணமாக இல்லை. நுனி தண்ணீரைத் தொட்டது. சக்கரம் கிறீச்சிட்டது. மனோகரன் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது, தொப்பி கடலில் போய் விழுந்தது.

"தொப்பி! தொப்பி!" என்றார் லூயிஸ்.

"தொப்பி கெடக்குது! நூல் விடவா, இழுக்கவா? டேய், சொல்லுடா!"

"வுடுங்க தொரை. அதும் பாட்டுக்குப் போவட்டும். இப்ப சுத்துங்க. சுத்துங்க. அவசரம் வாணாம்."

தாமோதரனின் குரல் நிதானமாக இருந்தது. அரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் கல்லோரத்துத் தண்ணீரில் முறம் அகலத்துக்கு ஒரு கறுப்பு மேலே வந்தது. அவன் இறங்கி, கண்ணுக்குப் பின்னால் இருக்கிற இரண்டு ஓட்டையில் விரலை விட்டு, வால் தன் பக்கம் வீசாதபடி கையை நீட்டித் தூக்கிக்கொண்டு ஏறினான். வால் கல்லின் மேல் இப்படியும் அப்படியும் அடித்தது.

"ஆஹா!" என்றார் மனோகரன். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். "லூயிஸ், கேமரா! குடுடா இங்க."

"இந்த ஓட்டையில வெரலை விட்டுக்கோங்க தொரை."

மனோகரன் வலது கையால் மீனை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். லூயிஸ் குனிந்து கேமராவுக்குள் பார்த்தார்.

"சார், வாலு கீழ தொங்குது. படத்துல வராது போலக் கீது."

"அவ்வளவுதானே?"

மனோகரன் இடது கையை நீட்டி வாலைப் பிடித்தார்.

தாமோதரன் கண்ணை மூடவில்லை. மூடக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தான். வால் ஒரே ஒரு முறை சொடுக்கியது. மனோகரனின் உள்ளங்கையில் முள் ஏறி, இழுத்துக்கொண்டு வெளியே வந்தது.

அந்தச் சத்தம் கேட்டது.

மீன் ஒரு பக்கம் விழுந்தது, மனிதர் ஒரு பக்கம் விழுந்தார். கையிலிருந்து ரத்தம் கல் இடுக்கில் ஓடியது. "அம்மா, அம்மா" என்று புரண்டார். விரலிலிருந்து தோள்வரை நெருப்பு வைத்தது போல எரிய, கையைப் பிடித்து உலுக்கிக்கொண்டார். லூயிஸ் என்ன செய்வதென்று தெரியாமல் கேமராவைக் கட்டிக்கொண்டு நின்றார்.

தாமோதரன் அசையவில்லை. ஏழு மாதம் காத்திருந்து கேட்ட சத்தம். இனித்தது. உண்மையாகவே இனித்தது.

"டேய் சின்னப்பையா, ஏதாவது செய்யுடா!" என்று கத்தினார் லூயிஸ்.

"வாலை நறுக்காதன்னாரு. நறுக்கல. சொன்ன வேலையைச் செஞ்சேன் சார். வேற இன்னா செய்யணும்?"

---

"நீ நவுருடா."

பின்னால் அங்கம்மா நின்றாள். கையில் தூக்கு, இன்னொரு கையில் கத்தி. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். துடிக்கிற மீனைப் பக்கத்தில் கிடந்த பலகையால் அமுக்கி, ஒரே வெட்டில் வாலை நறுக்கிக் கடலில் எறிந்தாள். பிறகு கீழே கிடந்தவரைப் பார்த்தாள்.

"சாயபு, அடுப்புல தண்ணி கொதிக்குதா?"

"கொதிச்சிக்கினே கீது தங்கச்சி."

"குண்டானோட எடுத்தாங்க. பச்சைத் தண்ணியும் ஒரு செம்பு."

மதார் சாகிப் ஓடிப்போய் எடுத்து வந்தார். அங்கம்மா பச்சைத் தண்ணீரை விளாவி, தன் விரலை விட்டுப் பார்த்தாள். கை பொறுக்கிற சூடு.

"இதுல கைய முக்கினா வலி எறங்கும்" என்றாள். "எண்ணூர் ஆத்துல எங்கப்பனுக்கு ரெண்டு தபா குத்தியிருக்குது. நாந்தான் வெந்நி வெச்சிக் குடுத்தேன். முக்கலன்னா பொழுது சாயறவரைக்கும் ஏறும். கையத் தனியா வெட்டிப் போடுன்னு கேப்ப."

"குடும்மா... குடு..." மனோகரன் கையை நீட்டினார்.

அங்கம்மா குண்டானைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நான் யாருன்னு தெரியுதா?"

அவர் தலையை ஆட்டினார். தெரியவில்லை.

"தெரியாது. விசாரணையில ஓரமா நின்னுகினு இருந்தேன். நீ ஏன் பாக்கப் போற? நான் எத்திராஜ் பொண்டாட்டி. பஞ்சு மூட்ட வுழுந்து செத்தானே, அவன்."

மனோகரனின் முகத்தில் வலிக்கு மேல் இன்னொன்று வந்து உட்கார்ந்தது.

"கயிறு நைஞ்சி இருந்துச்சா இல்லியா? சொல்லிட்டுக் கைய முக்கு."

"தங்கச்சி, பாவம், வுட்ரு" என்றார் மதார் சாகிப்.

"என் வூட்டைக் கடப்பாரை போட்டுத் தோண்டறப்ப யாரும் பாவம்னு சொல்லல சாயபு. நீங்க சும்மா நில்லுங்க. லூயிஸ் அய்யா, நீங்களும் காது குடுத்துக் கேளுங்க." மறுபடி கீழே பார்த்தாள். "தண்ணி ஆறிக்கினு போவுது. ஆறிடுச்சின்னா பிரயோசனம் இல்ல. உன் இஷ்டம்."

குண்டானிலிருந்து ஆவி எழுந்து கடல் காற்றில் போய்க்கொண்டிருந்தது. மனோகரன் அந்த ஆவியையே பார்த்தார். உதட்டைக் கடித்தார். உதடு கிழிந்தது.

"நைஞ்சி இருந்தது" என்றார்.

"சத்தமா."

"கயிறு நைஞ்சிதான் இருந்தது! ஆளுங்க சொன்னாங்க. நான்தான் ஓட்டச் சொன்னேன். போதுமா? குடு!"

தாமோதரனுக்குப் புரிந்தது. அண்ணி சொன்னதுதான் சரி. அந்தக் கத்தல் இனித்தது உண்மை. ஆனால் இது வேறு. இதுதான் அண்ணனுக்குப் போய்ச் சேரும். முதல் முறையாக அவன் அண்ணியைப் பார்த்துச் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. "இன்னும் ஒண்ணு கீது. என் புருஷன் குடிச்சிருந்தான்னு ஏன் சொன்ன?"

"நான் சொல்லல!"

"தண்ணி ஆறுது."

"சத்தியமா நான் சொல்லல! அவன் தம்பிதான் சொன்னான்! ரேகை வெச்சிக் குடுத்திருக்கான். 'என் அண்ணன் தினமும் குடிப்பான், அன்னைக்கும் குடிச்சிட்டுத்தான் வேலைக்குப் போனான்'னு. தாமோதரன்னு பேரு. இடது கை கட்டை விரல். காகிதம் ஆபீஸ்ல இருக்கு!"

கல்லில் அலை வந்து மோதிப் போனது.

"எழுதினது யாரு?" என்று கேட்டாள் அங்கம்மா. குரல் மாறியிருந்தது.

"நான் சொல்லச் சொல்ல எங்க ஆள் ஒருத்தன் எழுதினான். ஆனா ரேகை அவனோடது. கூடப் பொறந்தவனே சொன்னதாலதான் விசாரணை அப்படி முடிஞ்சது. இல்லன்னா என் வேலை போயிருக்கும். சொல்லிட்டேன்... எல்லாம் சொல்லிட்டேன்..."

அங்கம்மா குண்டானைத் தள்ளினாள். கொடுத்த வாக்கு. மனோகரன் மணிக்கட்டுவரை கையை உள்ளே விட்டு, நெற்றியைக் கல்லில் வைத்துக்கொண்டு மூச்சு விட்டார். தண்ணீர் சிவந்தது.

அவள் மெதுவாகத் திரும்பினாள்.

"பொணம் வாங்கறதுக்கு ஆஸ்பத்திரிக்கு நீதானடா போன?"

தாமோதரனுக்கு அந்த வாசல் கண்ணில் வந்தது. பிணக் கிடங்கு வாசல். தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் குனிந்து, மசித் துணியையும் மடித்த காகிதத்தையும் நீட்டினான். 'பாடி வாங்கணும் இல்ல? இங்க ஒண்ணு வை.' அவன் வைத்தான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நீட்டுகிற காகிதத்தில் ரேகை வைத்துவிட்டு நகர்வதுதான் அவனுக்குத் தெரிந்தது. உப்பளத்திலும் அப்படித்தான் வைத்தான். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான்.

"அண்ணி... பாடிக்குன்னு சொன்னான் அண்ணி. படிச்சிக் காட்டல. நான் கேக்கல."

"கேக்கல."

"எனக்குத் தெரியாது அண்ணி! என் அண்ணன் மேல சத்தியமா..."

"அவன் மேல சத்தியம் பண்ணாத." அவள் சத்தம் போடவில்லை. அதுதான் அவனைக் கொன்றது. "ஏழு மாசமா உனக்கு சோறு போட்டேன். சாராயக்காரன் பொண்டாட்டின்னு ஊரு சொல்றப்ப, நீ என் பக்கத்துல நின்னுகினு பல்லைக் கடிச்ச. யாருமேலடா கடிச்ச?"

அவன் தன் இடது கட்டை விரலைப் பார்த்தான்.

லூயிஸ் தொண்டையைச் செருமினார். அவர் கண் கலங்கியிருந்தது. "அந்தக் காகிதம் என் ரூம் பீரோவுலதான் கீதும்மா. நான் பாத்தேன். பாத்துட்டு வாயை மூடிக்கினேன். எனக்கும் புள்ளைங்க கீது. இப்ப அவரு சொன்னதை எங்க வந்து சொல்லணும்னாலும் சொல்றேன். ஆனா காகிதம் இல்லாம என் பேச்சு நிக்காது."

"ஏன் நிக்காது?"

"யாரு எழுதினாங்கன்னு கையெழுத்தைப் பாத்தாத்தான் தெரியும். இவரு ஆளு கையெழுத்து அது. பொணம் வாங்க வந்தவனை ஏமாத்தி ரேகை வாங்கினதுக்கு அதான் சாட்சி."

அங்கம்மா கொழுந்தன் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுக்கினியா? அந்தக் காகிதத்தை நீ கொண்டாரணும். குழாயடியில நாலு பேரு நிக்கறப்ப, லூயிஸ் அய்யா அதைப் படிக்கணும். உன் ரேகை எப்பிடி அதுல வந்துச்சின்னு உன் வாயால நீ சொல்லணும். அதுவரைக்கும் என் வாசப்படியில கால வெக்காத."

"கொண்டாரேன் அண்ணி."

"பீரோவுக்கு ரெண்டு சாவி" என்றார் லூயிஸ், இடுப்பில் கையை வைத்தபடி. "ஒண்ணு என்கிட்ட கீது. இன்னொண்ணு சூப்பிரண்டுகிட்ட..."

சொல்லிக்கொண்டே திரும்பியவர் அப்படியே நின்றார்.

கல்லின் மேல் குண்டான் மட்டும் இருந்தது. தண்ணீர் இன்னும் ஆறவில்லை. அந்தச் சூட்டிலிருந்து கையை எடுத்தால் வலி பழையபடி ஏறும் என்று தெரிந்தும் மனோகரன் எடுத்திருந்தார். சுவரின் மறுமுனையில், கையைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஆபீஸ் பக்கம் தடுமாறித் தடுமாறி ஓடிக்கொண்டிருந்தார்.

தாமோதரன் வாய் திறந்து பார்த்தான்.

அங்கம்மா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டாள்.

"இன்னும் இங்க இன்னாடா நின்னுகினு கீற?" என்றாள்.